நாற்பதோடு நிறுத்து

பிப்ரவரி 9, இரவு

அம்மா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருக்கும் நர்ஸ் அக்காவுக்குக்கூடக் காட்டாதே. அவர் நல்லவர் என்பாய். நல்லவர்கள்தான் "பாவம் அந்தப் பொண்ணு" என்று பத்துப் பேரிடம் சொல்வார்கள். படித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனம் வராவிட்டால் எக்ஸ்ரே அறையில் யாரும் தொடாத பழைய படங்களுக்கு நடுவில் வைத்துவிடு.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. எந்தக் கடிதம் வந்தாலும் அப்பா பிரித்துப் படித்து, எழுத்துப் பிழையையும் திருத்திவிட்டுத்தான் கையில் தருவார். ஜெராக்ஸ் கடை அக்காவின் முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அவர் பிரிக்க மாட்டார். நாள் முழுக்க அடுத்தவர் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டதாம்.

நான் ஒரு குற்றம் செய்திருக்கிறேன். போன செப்டம்பரில் வேறொரு பெண்ணின் பெயரில் உட்கார்ந்து கணக்குப் பரீட்சை எழுதினேன்.

அந்தப் பெண் யார் தெரியுமா? உன் மாற்றல் விண்ணப்பம் மூன்று வருடமாக யார் மேசையில் கிடக்கிறதோ, அந்தப் பெரிய கிளார்க்கின் மகள். எப்போதும் இரட்டை ரிப்பன் கட்டுவதால் ரிப்பன் என்று கூப்பிடுவார்கள். பள்ளி இறுதிக் கணக்கில் இரண்டு தடவை தோற்றுவிட்டாள். மூன்றாவது தடவை தனித்தேர்வாக, யாருக்கும் அவளைத் தெரியாத ஒரு பள்ளியில் மையம் கிடைத்தது. ஹால் டிக்கெட்டில் அவள் பெயர், என் படம். பதிலுக்கு அவர் டிசம்பருக்குள் உன்னை இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தர வேண்டும். அப்பாவும் அவரும் பேசி முடித்தார்கள்.

பேசியதோடு நிற்கவில்லை. அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? ஆறாம் வகுப்பில் இனி நகம் கடிக்க மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு இன்னும் அவர் பெட்டியில் இருக்கிறது. இதையும் முத்திரைத்தாளில் எழுதினார். பெரிய கிளார்க்கும் வாய்ப்பேச்சை நம்பாத ஆள், கோப்பிலேயே வாழ்ந்தவர். பிறகு நாங்கள் வெளியே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கும் ஒரு பிடி வேண்டியிருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"மேற்படி இரண்டாம் நபரின் மைனர் மகள், மேற்படி முதல் நபரின் மகளுக்குப் பதிலாக, நல்ல நினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் கணிதத் தேர்வு எழுதிக் கொடுப்பதாகவும்" என்று போகிறது. சொத்து விவரம் எழுதும் இடத்தை வெறுமையாக விட, நாள் முழுக்க வீட்டுப் பத்திரமும் நிலப் பத்திரமும் எழுதும் அப்பாவுக்குக் கை வரவில்லை. தேர்வு மையத்தின் நான்கு எல்லையையும் எழுதிவிட்டார். கிழக்கே சைக்கிள் நிறுத்தம், மேற்கே தூர்ந்த கிணறு. எப்போதும் வரும் சாட்சிகள் இரண்டு பேரும் எப்போதும் போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். எனக்காக அப்பாவே கார்டியன் என்று போட்டார்.

நான்காவது ஷரத்துதான் என்னைக் கெடுத்தது. ரிப்பன் முன்பு வாங்கியது பதினொன்றும் பதினாறும். திடீரென்று நிறைய வந்தால் சந்தேகம் வரும். அதனால் முப்பத்தைந்துக்குக் குறையாமலும் நாற்பதுக்கு மிகாமலும் எழுத வேண்டும் என்பது ஷரத்து. அன்று காலை பஸ்ஸில் ஏற்றிவிடும்போதும் அப்பா, "நாற்பதோட நிறுத்திடு பாப்பா" என்றார்.

அம்மா, எண்ணிக்கொண்டுதான் எழுதினேன். நாற்பது வந்ததும் பேனாவை மூடினேன். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கேள்வித்தாளில் ஒரு முக்கோணம் பாதியில் நின்றது. ஒரே ஒரு கோடு இழுத்தால் எல்லாம் விழுந்துவிடும் என்று தெரிந்தது. இழுத்தேன். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

தொண்ணூற்று நான்கு.

டிசம்பர் போனது. ஜனவரியும் போனது. அப்பா போய்க் கேட்டபோது பெரிய கிளார்க், "ஷரத்தை மீறினது நீங்க, பத்திரம். நாற்பதுன்னு நீங்களேதானே எழுதினீங்க? உங்க பொண்ணு எந்த டியூஷனுக்குப் போனான்னு ஆபீஸ் முழுக்க என்னைக் குடையுது. ஒப்பந்தம் முறிஞ்சு போச்சு, போயிட்டு வாங்க" என்றாராம். அப்பாவை ஊரில் எல்லோரும் பத்திரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அன்று அவர் கூப்பிட்ட விதம் வேறு மாதிரி இருந்தது என்று அப்பா சொன்னார்.

அப்பா வழக்குப் போடப் போகிறார். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆள்மாறாட்டம் வெளியே வந்தால் என்னை மூன்று வருடம் எந்தப் பரீட்சையும் எழுத விடமாட்டார்கள். என் சொந்தப் பரீட்சை ஏப்ரலில்.

நான் அந்தக் கோட்டை இழுக்காமல் இருந்திருந்தால் நீ இப்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருப்பாய்.

உன் எலி


பிப்ரவரி 13

எலிக்குட்டி,

முதலில் திட்டிவிடுகிறேன். பிறகு முடியாது. உனக்கு மூளை இருக்கிற இடத்தில் புத்தி இல்லை. உன் அப்பாவுக்கு இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் முத்திரைத்தாள் இருக்கிறது. திருடப் போகிறவன் யாராவது திருட்டுக்கு ரசீது எழுதி வைத்துக்கொள்வானா? கையெழுத்து, சாட்சி, கிழக்கே சைக்கிள் நிறுத்தம். அதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக அழுகையும் வந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். உள்ளே படம் எடுக்கிறேன், திறக்கக் கூடாது என்று பொய் சொன்னேன்.

நான் மட்டும் என்ன? அக்டோபரில் உன் அப்பா ஒரு வெற்றுப் படிவம் அனுப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்பு, இந்தத் தடவை மாற்றல் நிச்சயம் என்று எழுதினார். மூன்று வருடம் நகராத கோப்பு எப்படி நகர்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம். டிசம்பரில் பாத்திரங்களைக் கட்டி வைத்தேன். இன்னும் அவிழ்க்கவில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர் மட்டும் எடுத்துப் புழங்குகிறேன்.

இன்னொன்று. தொண்ணூற்று நான்கு என்று படித்ததும் ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. இது உனக்குத் தெரியக் கூடாது. எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

இப்போது சொல்வதைச் செய். அந்தக் காகிதம் உன் அப்பாவின் பெட்டியில்தான் இருக்கும். எடுத்து அடுப்பில் போடு. காகிதம் இல்லாவிட்டால் அவர் வழக்குப் போட மாட்டார். காகிதம் இல்லாமல் அவருக்கு எதுவும் நடந்ததே இல்லை.

நான் வருவதும் வராததும் பிறகு. நீ ஏப்ரலில் உன் பெயரில் பரீட்சை எழுத வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் முக்கியம்.

அம்மா


பிப்ரவரி 19, இரவு

அம்மா,

உன் கடிதத்துக்கு முன்பே வக்கீலிடம் போய்விட்டோம். சம்பந்தப்பட்ட மைனர் என்று அப்பா என்னையும் அழைத்துப் போனார், பள்ளிச் சீருடையோடு.

வக்கீல் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை படித்தார்.

"யார் எழுதினது இது?"

"நான்தான் சார்."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு ஓட்டை இல்ல. அதுதான் வம்பே. ஆள் மாறிப் பரீட்சை எழுதறது குற்றம். மாற்றல் உத்தரவை பேரம் பேசறது இன்னொரு குற்றம். ரெண்டையும் தராசுல வச்சு, என் பக்கம் கம்மியா நிக்குதுன்னு நீதிபதிகிட்ட முறையிடப் போறீங்க."

"கையெழுத்து இருக்கே சார்."

"இருக்கட்டுங்க. தப்பான காரியத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தைக் கோர்ட்டு விரலால கூடத் தொடாது. அவர் ஏமாத்தினார்னு நீங்க சொல்றது நிஜமாவே இருக்கட்டும், அப்பவும் தொடாது. யார்கிட்ட எது போய்ச் சேர்ந்ததோ அது அங்கயே நிக்கும். அவங்களுக்கு மார்க் வந்திடுச்சு. உங்களுக்கு" என்று சொல்லி வந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப நாலாவது ஷரத்து? அதை மீறினதா இல்லையான்னாவது சொல்வாங்களா?"

"நாலு என்ன, ஒண்ணாவது ஷரத்தையே படிக்க மாட்டாங்க."

"அப்ப எழுதி வாங்கினதுக்கு அர்த்தமே இல்லையா சார்?"

"அர்த்தம் இருக்கு. நீங்க, அவரு, இந்தப் பொண்ணு, மூணு பேரும் மாட்டறதுக்கு. வீட்டுக்குப் போய் இதைக் கிழிச்சுப் போடுங்க. நீங்க வந்ததையே நான் மறந்துட்டேன்."

அப்பா வீட்டுக்கு வந்து தட்டச்சு மெஷின் முன்னால் உட்கார்ந்து, "இருபத்திரண்டு வருஷமா எழுதறேன். நான் எழுதினது ஒண்ணுகூடச் செல்லாமப் போனதில்ல" என்றார். என்னிடம் சொல்லவில்லை, மெஷினிடம் சொன்னார். வக்கீல் வேண்டாம், தானே மனு எழுதிக்கொள்வதாகச் சொல்கிறார். பெரிய கிளார்க் தன் பிரதியை எரித்துவிட்டதாகத் தகவல் வந்தது. அப்பாவுக்கு அதில் சந்தோஷம். "பயப்படறான்" என்றார்.

நீ சொன்னபடி பெட்டியில் தேடினேன். கார்பன் பிரதி இருந்தது, எரித்துவிட்டேன். அசல் கிடைக்கவில்லை.

நேற்று வகுப்பில் எல்லோரும் உட்கார்ந்து மாதிரிக் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தோம். நாற்பது மதிப்பெண் வந்ததும் என் கை தானாக நின்றுவிட்டது. டீச்சர், "என்ன, பேனா மை தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எலி


பிப்ரவரி 23

எலிக்குட்டி,

உன் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கனவு கண்டேன், நீங்கள் ஏதோ வழக்குப் போட்டீர்கள், வேண்டாம் என்று எழுதினேன். நம்ப மாட்டார். நான் கனவு காண்கிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அசலைத் தேடு. மெத்தைக்கு அடியில் பார். மெஷின் உறைக்குள் பார்.

இங்கே மழை. பஸ் இரண்டு நாளாக மலை மேலே ஏறவில்லை. இன்று உன் வயதுப் பெண் ஒருத்தி கை ஒடிந்து வந்தாள். மூச்சை அடக்கு என்றேன், அடக்கினாள். படம் எடுத்துவிட்டேன். விடு என்று சொல்ல மறந்துபோய் அவள் பின்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "விடட்டுமா மேடம்?" என்று அவளே கேட்டாள். உன் பின்னல் இப்போது எவ்வளவு நீளம்? உன் அப்பா பின்னிவிடுகிறாரா, இல்லை நீயே கட்டிக்கொள்கிறாயா? இதற்கும் பதில் எழுது. வழக்கைப் பற்றி மட்டும் எழுதாதே.

அம்மா


மார்ச் 14, இரவு

அம்மா,

பின்னல் இடுப்பு வரை இல்லை. போன வருடமே தோள்பட்டையோடு வெட்டிக்கொண்டேன். சொன்னால் வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை.

நேற்று கோர்ட்டு முடிந்தது. வழக்குக்கு எண் கொடுக்கும் முன்பே நீதிபதி அப்பாவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். பெரிய கிளார்க்கும் வந்திருந்தார், ஒரு மூலையில் நின்றார், தன் ஆபீசில் மற்றவர்கள் அப்படி நிற்பதைத்தான் அவர் பார்த்திருப்பார். நீதிபதி ஒரு பெண்மணி. மனுவை ஒதுக்கிவிட்டு ஒப்பந்தக் காகிதத்தை எடுத்தார். சொத்து விவரம் வரை படித்தார். சிரிக்கவில்லை.

"ஐயா, இந்தப் பொண்ணுதான் மைனரா?"

"ஆமாங்கம்மா."

"இந்த நீதிமன்றம் உங்களுக்கும் உதவாது, அவருக்கும் உதவாது. அவர் சொன்னபடி செய்யலன்னு நீங்க கேக்கறீங்க. சொன்னதே செய்யக் கூடாதது. இதுல யார் யாரை ஏமாத்தினாங்கன்னு கணக்குப் பார்க்க நான் இங்க உட்காரல." மனுவைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா காகிதத்துக்காகவும் கை நீட்டினார். "இது இங்க இருக்கட்டும்" என்றார் நீதிபதி.

அப்பா கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

அதன் நகல் தேர்வுத் துறைக்குப் போகிறது. 28ஆம் தேதி எனக்கும் ரிப்பனுக்கும் விசாரணை. பெரிய கிளார்க்கின் வேலையைப் பற்றித் தனியாக விசாரிப்பார்களாம்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் ரிப்பன் நின்றிருந்தாள். அவளோடு நான் பேசியதே இல்லை. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நாற்பது வாங்கியிருக்கக் கூடாதா நீ?" என்றாள். "காலேஜ்ல தொண்ணூத்தி நாலு எங்கன்னு கேட்டு என்னைத்தான் போர்டுக்குக் கூப்பிடறாங்க. சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். தினமும். இனிமே நிக்க வேண்டாம், அந்த வரைக்கும் நிம்மதி." பிறகு, "அந்த முக்கோணம் எனக்கு இன்னும் புரியல" என்றாள். பஸ் வருவதற்குள் டிக்கெட்டின் பின்னால் வரைந்து காட்டினேன். புரிந்தது என்றாள். பொய்தான் என்று நினைக்கிறேன்.

உன்னிடம் நானும் ஒரு பொய் சொன்னேன். அசல் அன்றைக்கே கிடைத்தது. மெஷின் உறைக்குள்தான் இருந்தது. அடுப்பு வரை கொண்டுபோனேன். கடைசி ஷரத்தைப் படித்தேன். "மேற்படி இரண்டாம் நபரின் மனைவி தன் குடும்பத்துடன் வந்து சேரும்படி" என்று இருந்தது. நீ வரப் போகிறாய் என்று இந்த உலகத்தில் எழுதி வைத்திருந்த காகிதம் அது ஒன்றுதான் அம்மா. கோப்பில் இல்லை, உன் கடிதத்தில்கூட இல்லை. எரிக்க முடியவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

எலி


மார்ச் 18

என் கண்ணே,

திட்டப் போவதில்லை. நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். விசாரணையில் நான் வந்து சொல்கிறேன். இதை ஏற்பாடு செய்தது நான், மாற்றலுக்காக நான்தான் உன்னைக் கட்டாயப்படுத்தினேன், என் பேச்சைத் தட்ட முடியாமல் நீ எழுதினாய் என்று. அக்டோபர் படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது, நம்புவார்கள். உன் அப்பா சொல்லிப் பிரயோசனம் இல்லை. அவர் வாயைத் திறந்தால் நான்காவது ஷரத்தைப் பற்றிப் பேசுவார். கட்டாயப்படுத்தப்பட்ட சின்னப் பெண் என்றால் மூன்று வருடம் ஒரு வருடமாகலாம், இல்லாமலும் போகலாம்.

லீவு கேட்டேன். படம் எடுக்க இங்கே என்னை விட்டால் ஆள் இல்லை, கிடையாது என்றார்கள். சொல்லாமல் கிளம்பினால் வேலை போகும். போனால் போகட்டும். மூன்று வருடமாக இந்த வேலைதானே நம்மைப் பிரித்து வைத்திருக்கிறது.

ஆனால் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். உன்னைக் கேட்காமல் இத்தனை பேர் இத்தனை முடிவு எடுத்தாகிவிட்டது. வா என்று எழுது. 26ஆம் தேதிக்குள் கிடைத்தால் அன்று இரவு பஸ் ஏறுவேன். பதினொரு மணி நேரம். பாத்திரம்தான் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதே.

அம்மா


மார்ச் 22, இரவு

அம்மா,

"உன்னைக் கேட்காமல் இத்தனை பேர் இத்தனை முடிவு" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. இதையும் யாருக்கும் காட்டாதே. முக்கியமாக அப்பாவுக்கு நீ இதை எழுதிவிடாதே, நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் அவரால் தாங்க முடியாது.

அப்பாவும் பெரிய கிளார்க்கும் பேசி முடித்தார்கள் என்று எழுதினேன். அது கடைசியில் நடந்தது. முதலில் பேசியது நான்.

ஜூலையில் உன் விண்ணப்பம் என்ன ஆனது என்று கேட்க அப்பாவோடு போயிருந்தேன். வழக்கம் போல, பார்க்கலாம் என்றார் பெரிய கிளார்க். அப்பா ஏதோ நகல் எடுக்கக் கீழே இறங்கினார். பெரிய கிளார்க் சும்மா என்னிடம், "நீ எப்படி, கணக்கெல்லாம் போடுவியா? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, கணக்குன்னாலே காய்ச்சல் வந்துடும்" என்றார். நான், "நான் எழுதித் தரேன் சார். எங்க அம்மாவை அனுப்பிடுங்க" என்றேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உன் கோப்பை எடுத்து மேலே வைத்தார். அந்தக் கோப்பு மேலே வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன் அம்மா. மூன்று வருடத்தில் முதல் தடவை.

வழியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். வேண்டாம் என்றுதான் ஒரு வாரம் சொன்னார். நான் சாப்பிடாமல் இருந்தேன். எட்டாம் நாள், "எழுதி வாங்காம விடக் கூடாது பாப்பா. வாயால சொன்னா உன்னை ஏமாத்திடுவாங்க" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அந்தக் காகிதத்தை எழுதினார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். "பிறர் தூண்டுதல் இன்றி" என்று அவர் எழுதியது மட்டும் அதில் உண்மை.

இப்போது அவர் தான்தான் கட்டாயப்படுத்தியதாகச் சொல்லப் போகிறார். மனுவாகவே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். நீதான் கட்டாயப்படுத்தியதாக நீயும் சொல்லப் போகிறாய். இரண்டு பேரும் ஒரே அறையில் நின்று, நான்தான் நான்தான் என்று சண்டை போட்டுக்கொள்வீர்கள், தேர்வுத் துறைக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டே பார்ப்பார்கள். நான் 28ஆம் தேதி நடந்ததைச் சொல்லிவிடுவேன். நானே கேட்டேன், நானே எழுதினேன் என்று. மூன்று வருடம் என்றால் மூன்று வருடம்.

அதனால் நீ வராதே. அங்கே கை ஒடிந்து வருகிறவர்களுக்கு வேறு யாரும் இல்லை. உன்னை வரவழைக்க ஒரு தடவை தப்பு செய்தாகிவிட்டது, இன்னொன்று வேண்டாம். இதை எழுதத்தான் விளக்கைப் போட்டேன். ஐந்து தாள் கிழித்த பிறகு எழுதியும் விட்டேன். வராதே அம்மா.

இனி மடித்து ஒட்ட வேண்டியதுதான். காலையில் முதல் தபாலில் போய்விடும். ஒட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. நான் வராதே என்று எழுதியதை நீ அப்படியே எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடாதே, நீ எப்படியாவது

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்து போகும் சத்தம் கேட்கிறது. யாரோ என் பெயரைச் சொல்லி